காட்டுக்குப் போய்ட்டு வாரேன்

ஜப்பான்ல தோனோங்கிற ஊருக்குப் போய்ட்டு வந்து வருஷம் ஒண்ணாகப் போகுது. போட்டோ எல்லாம் அப்பவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு, ஆபீஸ்ல எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிட்டு வந்து குடுத்தாச்சு, அங்க வாங்கின கப்பாங்கிற தண்ணிப் பூதத்தோட பச்சைப் பொம்மை சாவிக்கொத்துல தொங்கிட்டு இருக்கு. ஆனா அங்க தெரிஞ்சுக்கிட்ட ஒரே ஒரு வார்த்தை மட்டும் இன்னும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. சாயங்காலம் தோக்கியோவுல எங்க நிஷிகசாய் ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வரும், பாத்திரம் கழுவும்போது வரும், அம்மாகிட்ட பேசிட்டு போனை வைக்கிற நேரம் கண்டிப்பா வரும். எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமான்னுதான் இன்னைக்கு உட்கார்ந்திருக்கேன்.

போனது என்னவோ ஆசையாத்தான். ஜப்பான் வந்து ஆறு வருஷத்துல க்யோத்தோ, நாரா, ஃபுஜி எல்லாம் ஒரு ரவுண்டு வந்தாச்சு, ஒரு கிராமத்துப் பக்கம் போகணும், கதை கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. கதைன்னா தோனோன்னு இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வடக்கே இவாதே மாநிலத்துல நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம் மாதிரி ஊரு. ஸஸாகி கிஸென்னு அந்த ஊர்ப்பக்கத்துப் பையன், இருபது வயசு சொச்சம், தோக்கியோவுக்குப் படிக்க வந்தவன், தான் சின்ன வயசுல கேட்டதையெல்லாம் யனகிதா குனியோங்கிற அரசாங்க அதிகாரிகிட்ட ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து சொல்லியிருக்கான். அவர் அதை 119 துண்டாக எழுதி 1910-ல 'தோனோ மோனோகதாரி'ன்னு வெறும் 350 பிரதி அச்சடிச்சாரு. ஜப்பான்ல நாட்டார் வழக்காறுன்னு ஒரு படிப்பே அதுக்கப்புறம்தான் நிலைச்சதுன்னு சொல்லுவாங்க. அந்தப் புத்தகத்தை அவர் யாருக்குக் காணிக்கை பண்ணியிருக்காருன்னா, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு. அவர் மனசுல வச்சது யாரையோ, ஆனா ஊரை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே டிக்கெட் போடணும்னு தோணிருச்சு.

ஷின்கான்சென் புல்லட் ரயில்ல ஷின்-ஹனமாகி வரைக்கும் போய், அங்க கமாயிஷி லைன்ல மாறணும். ரெண்டே பெட்டி, டீசல் வண்டி, ஆடி ஆடி ஒரு மணி நேரம். அந்த லைன்ல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எஸ்பெராந்தோ மொழியில ஒரு செல்லப்பேர் உண்டு, தோனோவோட பேர் 'ஃபோல்க்லோரோ', நாட்டார் வழக்காறுன்னு அர்த்தம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எதிர்க்க இருக்கிற போலீஸ் பூத்தே கப்பா மூஞ்சி மாதிரி கட்டியிருக்கு. எலக்ட்ரிக் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். அக்டோபர் மாசம், அறுப்பு முடிஞ்சு வயல்ல கம்பு நட்டு கதிர்க்கட்டைத் தலைகீழாத் தொங்கவிட்டுக் காயப் போட்டிருந்தாங்க, வைக்கோல் வாசனை ரோடு பூரா. முதல் நாள் ராத்திரி தங்கின விடுதியை நடத்துற அம்மா, ஒகாமி-சான்னு கூப்பிடணும், எழுபது வயசு இருக்கும், கிளம்பும்போது என் பையில ஒரு சின்னப் பித்தளை மணியைக் கட்டிவிட்டாங்க. கரடி நடமாட்டம் இருக்கு, சத்தம் கேட்டா அது விலகிப் போயிரும்னாங்க. அந்த மணியைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

சிவப்பு மூஞ்சி

கப்பா உங்களுக்குத் தெரியும், இங்க வந்து போன எல்லார் வீட்டுலயும் ஒரு பொம்மையாவது இருக்கும். தண்ணிக்குள்ள இருக்கும், தலையில ஒரு தட்டு, அந்தத் தட்டுல தண்ணி இருக்கிற வரைக்கும்தான் பலம், வெள்ளரிக்கான்னா உசிரு. ஜோகெஞ்சி கோயிலுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓடை, அதுதான் கப்பாபுச்சி. மர நிழல், தெளிஞ்ச தண்ணி, முழங்கால் அளவு கூட இருக்காது, ஒரு மூங்கில் தூண்டில்ல நிஜமாவே வெள்ளரிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. டூரிஸ்ட் ஆபீஸ்ல கப்பா பிடிக்க அனுமதி அட்டை தர்றாங்க. உயிரோட பிடிக்கணும், தலைத் தண்ணி சிந்தக்கூடாது, இரும்பு ஆயுதம் கூடாதுன்னு அதுல விதி எல்லாம் போட்டிருக்கும். நானும் வாங்கினேன். பக்கத்துல ஒரு குடும்பம், ரெண்டு பொடிசுங்க தூண்டிலைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுவிடாம உட்கார்ந்திருந்துச்சுங்க, அம்மாக்காரி மெதுவா "வருமா, வருமா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பார்க்கவே அவ்வளவு அழகா இருந்துச்சு.

ஓடைக்கரையில ஒரு சின்ன மாடம் இருக்கு. உள்ளே எட்டிப்பார்த்தா சிவப்புத் துணியில மார்பு மாதிரி தைச்சு வச்சிருக்காங்க, குழந்தைக்குப் பால் ஊறணும்னு வேண்டிக்கிற தாய்மார்கள் கொண்டாந்து வைக்கிறது. கையால தைச்ச தையல், நூல் முடிச்சு வெளிய தெரியுது, ஒண்ணுக்கொண்ணு அளவு சேரல. எனக்கு அங்கதான் முதல்ல ஒரு மாதிரி ஆச்சு. தண்ணிக்குள்ள குழந்தையை இழுத்துட்டுப் போற ஜந்து கிட்ட போயி ஏன் பால் கேக்கணும்?

தோனோ கப்பாவுக்கு மூஞ்சி சிவப்பு. மத்த ஊர்ல எல்லாம் பச்சையோ நீலமோ, இங்க மட்டும் சிவப்புன்னு அந்தப் பழைய தொகுப்புலயே இருக்கு. அதுலயே இன்னொரு கதையும் இருக்கு, கப்பாபுச்சி போர்டுல அதைப் போட மாட்டாங்க. ஆத்தங்கரை வீடு ஒண்ணுல ரெண்டு தலைமுறையா கப்பாவோட பிள்ளையைப் பெத்தாங்கன்னும், பிறந்த உடனே அதை வெட்டி ஒரு சின்னப் பீப்பாயில போட்டு மண்ணுல புதைச்சாங்கன்னும், அதோட உருவம் பார்க்க முடியாத அளவுக்கு இருந்துச்சுன்னும் நாலே வரியில போகுது. இதை ரயில்ல வரும்போதே படிச்சிருந்தேன், படிச்சப்போ பேய்க்கதை மாதிரிதான் போச்சு. அந்தச் சிவப்புத் துணி முன்னாடி நிக்கும்போதுதான், இது பேயைப் பத்தின கதையே இல்லையேன்னு பட்டுச்சு. ஊனமாப் பிறந்த குழந்தை, அப்பன் பேர் சொல்ல முடியாத குழந்தை, சோறு போட முடியாத வீட்டுல பிறந்த குழந்தை. சிவந்த மூஞ்சின்னா பிறந்த குழந்தை மூஞ்சி சிவப்பாத்தானே இருக்கும்? இது என் ஊகமாவும் இருக்கலாம், ஆனா பஞ்ச காலத்துல பிறந்த குழந்தையைத் திருப்பி அனுப்புறது, அப்படித்தான் அவங்க சொல்லுவாங்க, அந்த வழக்கம் ஜப்பான்ல பல இடத்துல நிஜமாவே இருந்துச்சு. கப்பா கதைக்கும், பழைய வீட்டு உள்ளறையில விளையாடுதுன்னு சொல்ற ஸஷிகி வராஷிங்கிற குழந்தை ஆவிக்கும் பின்னாடி அந்தக் குழந்தைங்கதான் இருக்குன்னு ஆராய்ச்சி பண்றவங்கள்லயே சில பேர் எழுதியிருக்காங்க. ஸஷிகி வராஷி இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுல செல்வம் இருக்கும், அது வெளிய போயிட்டா வீடு அழிஞ்சிரும். பயமும் பாசமும் ஒண்ணாக் கலந்து கிடக்கு அதுல.

பஞ்சம்னு சொன்னேன்ல, அது அந்தப் பக்கம் காத்துல வரும். கோடைக்காலத்துல பசிபிக் கடல்லருந்து வடகிழக்கா ஒரு குளிர்காத்து அடிக்கும், யாமாஸேன்னு பேரு. அது வந்தா பனிமூட்டமும் தூறலுமா வாரக்கணக்குல வெயிலே இருக்காது, நெல் பூக்கிற நேரத்துல குளிர் பிடிச்சா பால் கட்டாது, அம்புட்டும் பதராப் போயிரும். நம்ம பக்கம் மழை இல்லாம சாகும், அங்க வெயில் இல்லாம செத்திருக்கு. 1755, 1783, 1833-ன்னு அந்த வருஷங்களை ஒட்டி பெரிய பெரிய பஞ்சம். ஊருக்கு மேற்கே ஒரு காட்டுச் சரிவுல கோஹ்யாகு ரகான்னு ஒரு இடம், பஞ்சத்துல செத்தவங்களுக்காக கிஸான்னு ஒரு பிக்கு உருண்டைப் பாறை ஒவ்வொண்ணுலயும் ஒரு முகம் செதுக்கியிருக்காரு. பாசி பிடிச்சு முகம் இருக்கிறதே தெரியாது. முதல்ல வெறும் பாறைன்னு ஒண்ணு மேல கை வச்சு சாஞ்சுட்டேன், அப்புறம் விரலுக்கு மூக்குத் தட்டுப்பட்டுச்சு, கையை எடுத்துட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பாறையைப் பார்த்தாலும் முகமாத்தான் தெரிஞ்சுது.

மத்தியானம் பழைய கிராமத்து வாழ்க்கையைக் காட்டுற தென்ஷோயென்ங்கிற இடத்துல ஹித்சுமி சாப்பிட்டேன். மாவைக் கையால இழுத்துக் கிள்ளிப் போட்டு காய்கறியோட கொதிக்க வைக்கிற சூப்பு, குளிருக்கு இதமா இருக்கும். அங்க ஒரு இருட்டு அறை, சுவர் பூரா ஓஷிராஸமாங்கிற வீட்டுச் சாமிங்க. மல்பெரி மரக்குச்சியில ஒரு அடி நீளத்துக்குப் பொண்ணு தலையும் குதிரைத் தலையும் செதுக்கி, ஆயிரம் பொம்மை, ஒவ்வொண்ணு மேலயும் வேண்டுதல் எழுதின துணி அடுக்கடுக்காப் போத்தியிருக்கு. குதிரையைக் கட்டிக்கிட்ட பொண்ணு, குதிரையை மல்பெரி மரத்துல தொங்கவிட்டுக் கொன்ன அப்பா, வெட்டின குதிரைத் தலையோட வானத்துக்குப் போன பொண்ணுன்னு ஒரு கதை. குதிரையும் மனுஷனும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த மகாரியா வீடுகளைப் பார்த்தா அந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு புரியும், மூணு எட்டு வச்சா அடுப்படியிலருந்து லாயம். அங்கயே ஒரு பாட்டி கதை சொன்னாங்க. "முகாஸு அத்தஸுமோனா"ன்னு ஆரம்பிச்சு, நம்ம 'ஒரு ஊர்ல' மாதிரி, "தொந்தோஹாரே"ன்னு முடிப்பாங்க. நடுவுல பாதி எனக்குப் புரியல, அந்த ஊர்ப் பேச்சு அப்படி, தோக்கியோக்காரங்களுக்கே புரியாது. ஆனா ராகம் புரிஞ்சுது, எங்க அப்பத்தா கதை சொல்ற அதே இழுவை, வாக்கியக் கடைசியில மூச்சைக் கொஞ்சம் வெளிய விடுறது.

தெந்தெரா-நோ

அங்கேருந்து யமகுச்சிங்கிற சின்னக் கிராமம் கொஞ்ச தூரம்தான். கதை சொன்ன கிஸென் பிறந்த ஊரு. ஒரு பழைய தண்ணிச் சக்கரம் இருக்கு, அதைத் தாண்டி ஒரு மேடு. அதுதான் தெந்தெரா-நோ. அறுபது வயசு தாண்டின எல்லாரையும் ஒரு காலத்துல இங்க கொண்டாந்து விட்டுருவாங்கன்னு கதை. பெத்தவங்களை மலையில விட்டுட்டு வர்ற கதை ஜப்பான்ல நிறைய உண்டு, பையன் அம்மாவை முதுகுல சுமந்துட்டுப் போவான், வழியில அவ அவனுக்காகக் கிளையை ஒடிச்சுப் போட்டுட்டே வருவா, திரும்பும்போது வழி தப்பிடக்கூடாதேன்னு. அதெல்லாம் கேட்டு அழுதிருக்கேன். அந்த மாதிரி ஒரு பெரிய மலை, அடர்ந்த காடுன்னு மனசுல வச்சுக்கிட்டுத்தான் சைக்கிளை நிறுத்திட்டு ஏறினேன்.

அஞ்சு நிமிஷம்கூட ஏறல. மேட்டுக்கு வந்துட்டேன். புல்வெளி, ஓரத்துல மரங்க, நடுவுல வைக்கோல் வேய்ஞ்ச ஒரு குடிசை, அப்பக் கட்டினது இல்ல, பார்க்கிறவங்களுக்காக மறுபடி கட்டி வச்சது. குனிஞ்சுதான் உள்ள போகணும். மண் தரை, நடுவுல கணப்புக்கு இடம், ரெண்டு பேர் காலை நீட்டினா மூணாவது ஆளுக்கு இடமில்லை. வைக்கோல் ஈரமா இருந்துச்சு, உள்பக்கம் கையை வச்சா சில்லுன்னு கசியுது. வெளிய வந்து திரும்பிப் பார்த்தேன். கீழே ஊரு. வீட்டுக் கூரை, ஒரு வெள்ளை மினி ட்ரக், துணி காயப் போட்டிருக்கிற கொடி, யாரோ நாயைக் கூப்பிடுற சத்தம். எல்லாம் தெரியுது, எல்லாம் கேக்குது. நான் அவ்வளவு நேரம் வேற ஒரு கதையை மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். தூரமா, திரும்ப முடியாத இடத்துல விட்டுட்டு வர்ற கதை. இது அப்படி இல்ல. அவங்க வீட்டுப் புகை அவங்களுக்குத் தெரியும். எந்த அடுப்புல எப்பப் பத்த வைக்கிறாங்கன்னு தெரியும். பேரன் அழுதா கேக்கும்.

அந்தத் தொகுப்புல 111-ஆவது துண்டு இந்த இடத்தைப் பத்தித்தான். மேட்டுல விட்டாலும் உசிரு உடனே போயிராதே. அதனால அந்த வயசானவங்க பகல்ல கீழே இறங்கி வந்து ஊர் வயல்ல வேலை செஞ்சு, அதுல கிடைச்சதை வச்சு வயித்தைக் கழுவிக்கிட்டு, பொழுது சாய்ஞ்சதும் மறுபடி மேலே ஏறிப் போயிருவாங்களாம். அதனாலதான் இந்த ஊர்ப்பக்கம் காலையில வயலுக்குக் கிளம்புறதுக்கு 'ஹகாதாச்சி'ன்னும், சாயங்காலம் வயல்லருந்து திரும்புறதுக்கு 'ஹகாஆகாரி'ன்னும் பேருன்னு அங்க எழுதியிருக்கு. தாச்சின்னா கிளம்புறது, ஆகாரின்னா ஏறுறது, முடிச்சுக்கிறது. ஹகான்னா கல்லறை. கல்லறையிலருந்து கிளம்பி வேலைக்கு வர்றது, வேலையை முடிச்சுக் கல்லறைக்கு ஏறுறது.

இதுதான் என்னை விடாத வார்த்தை. நான் அங்க நின்னு போன்ல அந்த வரியை மறுபடி படிச்சேன், பையில மணி கிணுங்குச்சு, தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஏன்னா தோனோப் பக்கம் தெந்தெரா-நோங்கிற பேர்ல இருக்கிற இடத்தைப் பத்தி இன்னொரு நம்பிக்கை உண்டு. ஊர்ல யாராவது சாகப் போறாங்கன்னா முன்கூட்டியே ராத்திரியில அந்த வழியா அவங்க கடந்து போற சத்தம் கேக்குமாம். ஆம்பளைன்னா குதிரையைப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டோ, குதிரை மணி ஒலிக்கவோ போவாங்களாம். பொம்பளைன்னா வழக்கமா பாடுற பாட்டை முணுமுணுத்துக்கிட்டோ, விசும்பிக்கிட்டோ, உரக்கப் பேசிக்கிட்டோ போவாங்களாம். மணியைக் கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டு, சாமி கும்பிடுற மாதிரி கொஞ்ச நேரம் நின்னேன். எதிர்ல பள்ளத்தைத் தாண்டி தன்னோஹனாங்கிற குன்னு, அங்கதான் ஊர்க் கல்லறை எல்லாம், கிஸென் கல்லறையும் அங்கதான். இந்தப் பக்கம் சாகப் போறவங்க, அந்தப் பக்கம் செத்தவங்க, நடுவுல பள்ளத்துல உசிரோட இருக்கிறவங்க நெல்லு விளைய வச்சிருக்காங்க.

ராத்திரி ஒகாமி-சான்கிட்ட கேட்டேன். ஹகான்னா கல்லறைதானே அம்மான்னு. அவங்க டீயை ஊத்திக்கிட்டே கொஞ்சம் யோசிச்சாங்க. "கல்லறைக்கும் ஹகாதான். ஆனா வயல்ல ஒரு ஆள் ஒரு மூச்சுல செய்ய வேண்டிய பங்குக்கும் ஹகான்னு பழைய பேச்சு உண்டு. வேலை நல்லா நடந்தா ஹகா போகுதுன்னு சொல்லுவாங்க. அதனால அது வெறும் வயல் வார்த்தையா இருந்தாலும் இருக்கலாம்"னாங்க. அப்புறம், "நீங்க மேல போனீங்களா, குளிரா இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். கணப்புப் பக்கமா என் மணையைத் தள்ளி வச்சாங்க.

காடு

எங்க ஊரு அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசக்காடு. பருத்தி, கம்பு, உளுந்து, இப்ப மக்காச்சோளம். எங்க பக்கம் வயல்னு சொல்ல மாட்டோம், காடுதான். காட்டுக்குப் போறேன்னா வேலைக்குப் போறேன்னு அர்த்தம். அதே காடுதான் சுடுகாட்டுக்கும். "காட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்களா?"ன்னு கேட்டா எடுத்துட்டாங்களான்னு கேக்கிறது. வயசானவங்க வாயில எந்நேரமும் ஒரு சொலவடை, காடு வா வாங்குது வீடு போ போங்குது. சின்னப்பிள்ளையில இருந்து நூறு தடவை கேட்டிருக்கேன். ஒரு தடவைகூட நின்னு யோசிச்சதில்ல. நாலாயிரம் மைல் அந்தப் பக்கமோ என்னவோ, யாரோ ஒருத்தர் ஊர் வார்த்தையில கல்லறையும் வயலும் ஒட்டிக்கிடக்கிறதைப் பார்த்து அதிர்ச்சியாகி நின்ன பிறகுதான், என் வாய்க்குள்ளயே அது இத்தனை வருஷமா இருந்திருக்குன்னு தெரியுது.

அப்பத்தாவைப் பத்திச் சொல்லாம இதை எழுத முடியாது. தாத்தா இறந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சாங்க, அப்பத்தாவுக்கு மாச முறைன்னு பேசினாங்க, ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க. அப்பத்தா சபையில வாயே திறக்கல. மறுநாள் காலையில கொல்லையில மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்துல இருந்த குச்சைத் தானே கூட்டி மெழுகி, மூணு கல்லைக் கூட்டி உலை வச்சிருச்சு. மாசத்துக்கு ஒரு வாசல்ல போயி நிக்க மாட்டேன்னு ஒரே வார்த்தை. அப்ப அதுக்கு 66 வயசு. அதுலருந்து 12 வருஷம் அந்தக் குச்சுதான். எங்க அடுப்படி ஜன்னல்லருந்து பார்த்தா அப்பத்தா குச்சு வாசல் தெரியும். நாங்க சாப்பிடுறது அதுக்குத் தெரியும், அது சாப்பிடுறது எங்களுக்குத் தெரியும். கறி எடுத்தா கிண்ணத்துல குடுத்து விடுவாங்க, நான்தான் கொண்டு போவேன். வாங்கி வச்சுக்கிட்டு எனக்கே பாதியை ஊட்டிவிட்டுரும்.

தினம் விடிய முன்னாடி தூக்குவாளியில கூழைக் கரைச்சு ஊத்திக்கிட்டு, களைவெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிரும். அந்தத் தூக்குவாளி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மூடி சரியா உக்காராது, அதுக்கு ஒரு துணியைச் சுத்தி வச்சிருக்கும். எங்க காட்டுல வேலை இருந்தா எங்க காடு, இல்லாட்டி அடுத்தவங்க காட்டுல கூலி. சொந்த மகன் காட்டுல களை வெட்டினதுக்குக் கூலி வாங்கிச்சான்னு கேட்டா, வாங்குச்சு. அப்பா குடுத்தாரு. அதுல தப்பு இருக்கிறதா அப்ப யாருக்கும் தோணல, அப்பத்தாவுக்கே தோணல, கணக்கா எண்ணி முந்தியில முடிஞ்சுக்கும். கிளம்பும்போது எங்க ஜன்னல் பக்கமாத் திரும்பி "காட்டுக்குப் போய்ட்டு வாரேன்"னு ஒரு சத்தம் குடுக்கும். சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குள்ள வராது, நேரா குச்சுக்குப் போயிரும். தெந்தெரா-நோவுல குடிசையை விட்டு வெளிய வந்து கீழே கூரைகளைப் பார்த்தேன்ல, நான் அப்பப் பார்த்தது யமகுச்சி இல்ல. எங்க அடுப்படி ஜன்னலை. இத்தனை வருஷமா நான் ஜன்னலுக்கு உள்பக்கத்துலருந்து மட்டும்தான் பார்த்திருக்கேன்.

அப்பாவைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அவரும் கடன்ல இருந்தாரு, ரெண்டு வருஷம் மழை இல்ல. சித்தப்பாவும் மோசமான ஆளில்ல. யாரும் அப்பத்தாவை அடிக்கல, விரட்டல, பேசாம இருக்கல. எல்லாரும் அப்பத்தா கெட்டிக்காரி, தனியா நின்னு பொழைக்கிறான்னு பெருமையாத்தான் சொல்லுவாங்க. அந்தப் பெருமைதான் இப்ப என்னை உறுத்துது. யமகுச்சியிலயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்களோ, நம்ம ஆத்தா இன்னும் இறங்கி வந்து நம்ம கூட நாத்து நடுறா பாருன்னு.

இதெல்லாம் நிஜமா நடந்துச்சான்னு கேட்டா, அறுபது வயசானா மேட்டுக்கு அனுப்புறதுங்கிற வழக்கம் ஊர் ஊரா இருந்ததுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு வரலாறு படிக்கிறவங்க சொல்றாங்க. இருக்கட்டும். பஞ்சம் நிஜம், அதுக்கு ஆதாரம் பாறையில இருக்கு. எங்க மாவட்டத்துலயும் தலைக்கூத்தல்னு ஒண்ணு உண்டு, படுக்கையில விழுந்தவங்களுக்கு விடிய எண்ணெய் தேய்ச்சுத் தலைக்கு ஊத்தி, இளநியைக் குடுத்து, காய்ச்சல்ல போக விடுறது. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. எங்க வீட்டுல நடக்கல. ஆனா எந்த வீட்டுல நடந்துச்சுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. "நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்க"ன்னு மட்டும் சொல்லுவாங்க. அந்த ஊர்லருந்து வந்த எனக்கு, தெந்தெரா-நோவை வெறும் கட்டுக்கதைன்னு தள்ளிட்டுப் போக முடியல. கப்பாவுக்கும் அப்படித்தான், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒண்ணுக்கு ஒரு தலைத்தட்டும் ஒரு வெள்ளரிக்காயும் குடுத்து எப்படியோ பேரன் பேத்தி வரைக்கும் கொண்டாந்து சேர்த்திருக்காங்க. மறந்திருந்தா அந்தச் சிவப்புத் துணியை இன்னைக்கும் யாரு தைச்சு வைக்கிறா?

1896-ல இவாதே கடற்கரையை அடிச்ச சுனாமியில பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தர், வருஷம் கழிச்சு நிலா வெளிச்சத்துல அவளைக் கடற்கரையில பார்க்கிற கதையும் இதே 119-ல ஒண்ணு. 2011 சுனாமி அப்ப கடலோர ஊர்களுக்கு ஆளும் பொருளும் நிறைய இந்தத் தோனோ வழியாப் போச்சு. அதைத் தனியா எழுதணும், இங்க அடக்க முடியாது.

மறுநாள் காலையில திரும்ப ஸ்டேஷனுக்கு சைக்கிள்ல வரும்போது வழியில வயல்ல வேலை செஞ்சவங்களை எண்ணிக்கிட்டே வந்தேன். பதினோரு பேர். ஒருத்தர்கூட அறுபதுக்குக் கீழ இருக்க மாட்டாங்க. ஒரு பாட்டி, முதுகு முழுசா வளைஞ்சு, தலையில துணி கட்டி, கதிர்க்கட்டைக் கம்புல திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. தோனோவுல இப்ப பத்துப் பேர்ல நாலு பேருக்குக் குறையாம 65 தாண்டினவங்க. மேட்டுக்கு யாரும் போகல, கீழதான் இருக்காங்க, பிள்ளைங்கதான் மொரியோகா, செந்தாய், தோக்கியோன்னு போயிட்டாங்க. எங்க ஊரும் இப்ப அப்படித்தான் இருக்கு. எங்க காட்டுல இப்ப களை வெட்டுறது எங்க அம்மா. அப்பா போன பிறகு தனியாத்தான் இருக்கு, அண்ணன் சென்னையில, நான் இங்க. ரெண்டு பேரும் எங்ககூட வந்துரும்மான்னு கேட்டோம். "ஒரு மாசம் அங்க ஒரு மாசம் இங்கயா?"ன்னு கேட்டுச்சு, அதுக்கு மேல நாங்க கேக்கல. அந்த அக்டோபர்லதான் அம்மாவுக்கு 60 முடிஞ்சிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குப் போன் போட்டேன். அங்க அஞ்சரை. "இப்பத்தான் காட்டுலருந்து வந்தேன், இரு கால் கழுவிட்டு வாரேன்"னு போனைத் திண்ணையில வச்சிருச்சு. தண்ணி ஊத்துற சத்தம், கோழி கேர்ற சத்தம் எல்லாம் கேட்டுச்சு. வந்து உட்கார்ந்ததும் நான் தெந்தெரா-நோ கதையைச் சொன்னேன், மேடு, குடிசை, பகல்ல இறங்கி வர்றது, பொழுது சாய்ஞ்சா ஏறிப் போறது. குச்சைப் பத்தி நான் எதுவும் சொல்லல. அம்மா இடையில பேசவே இல்ல. முடிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே வரல, லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னேன்.

"இருக்கேன்"னுச்சு. "அவுகளுக்குக் கூலி என்ன குடுத்தாகளாம்?"

"சாப்பாடுதாம்மா."

"ராத்திரிக்கும் சேத்தா?"

அது எழுதியிருக்கல. தெரியலம்மான்னேன். "என்னத்தைப் படிச்ச நீ, அதைத்தானே முதல்ல கேக்கணும்"னு சொல்லிட்டு, கோழியை அடைக்கணும்னு எந்திரிச்சுப் போயிருச்சு.